வலிக்கிற இடத்தில் ஒரு பெருக்கல் குறி

தாளில் இரண்டு ஆட்கள் நிற்கிறார்கள். ஒருவன் என்னைப் பார்த்து நிற்கிறான், இன்னொருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். இரண்டு பேர் உடம்பிலும் பொட்டுத் துணி கிடையாது. கண், மூக்கு, வாய் எதுவும் இல்லை, கோட்டால் வரைந்த வெறும் உடம்பு. ‘உடம்பில் எங்கெங்கே வலி இருக்கிறதோ அங்கெல்லாம் பெருக்கல் குறி போடவும்’ என்று மேலே அச்சடித்திருக்கிறார்கள். வாயே இல்லாதவனிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கிறார்கள், நல்ல கூத்து. ஆளுக்கொரு பென்சில் வேறு. கேன்டீன் கடிகாரத்தில் மணி பத்து பத்து. பத்தரைக்குத் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களாம். இருபது நிமிடம் எதையும் தூக்காமல் உட்கார்ந்திருக்கக் கம்பெனியே சொல்லியிருக்கிறது. இந்த வார்ப்படக் கம்பெனிக்கு நான் வந்து பத்தொன்பது வருடம், இப்படி ஒரு காலையைப் பார்த்ததில்லை. ஃபெட்லிங் செக்‌ஷனில் நாங்கள் முப்பத்தொரு பேர். பம்ப்புக்காக ஊற்றிய இரும்பு வார்ப்புகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் கிரைண்டர் வைத்துத் தேய்த்து எடுப்பது எங்கள் வேலை. தேய்ப்பது பாதி, தூக்குவது பாதி. முப்பத்தொரு பேரும் மேசைக்கு நான்கு பேராக, பரீட்சைக்கு வந்த பிள்ளைகள் மாதிரி தலையைக் குனிந்திருக்கிறோம். ஆனால் எழுத ஒன்றும் இல்லை. என்ன எழுதுவது என்று நேற்று சாயங்காலமே முடிவாகிவிட்டது. கேட்டுக்கு எதிரே இருக்கிற பேக்கரியில் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நான்தான் முதலில் சொன்னேன். “ஒருத்தரும் ஒண்ணும் போடக்கூடாது. வெறுந்தாளாக் குடுத்தர்றோம். ஆராச்சும் கேட்டா நல்லா இருக்கறோம்னு சொல்லோணும்.” எல்லாரும் தலையாட்டினார்கள். என்னோடு சேர்ந்து தூக்குகிற கிட்டுசாமியும்தான் ஆட்டினான். பெயர் எழுத வேண்டாம் என்று தாளில் இருக்கிறது. ஆனால் டோக்கன் நம்பர்படி உட்கார வைத்து, நம்பர்படி கொடுத்து, நம்பர்படியே வாங்கப்போகிறார்கள். வாசலில் சூப்பர்வைசர் சிவராஜ் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவருக்குத் தெரியாத நம்பரா.

எனக்கு எந்த வலியும் இல்லை என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். சரியாகத்தான் வருகிறது. பெஞ்சில் உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, இடது பிட்டத்தில் ஆரம்பித்து, தொடையின் பின்பக்கமாக, கெண்டைக்கால் வரை அது இறங்குகிறது, அவசரமே இல்லாமல், தன் வீட்டுக்குள் நடக்கிற வீட்டுக்காரன்போல. கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. ஷூவுக்குள் விரலை அசைத்துப் பார்க்கிறேன், அசைகிறதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. போன மாதம் கட்டை விரல் நகம் பெயர்ந்து, ரத்தம் சாக்ஸில் காய்ந்து ஒட்டியிருந்தது. ராஜாமணிதான் பார்த்தாள். எனக்குத் தெரியவே தெரியாது. வெந்நீர் வைத்தாள், காலைக் கழுவினாள், பிறகு அடுப்படியில் போய் நின்று அழுதாள். ஒரு நகத்துக்கு எதற்கு இந்த ஒப்பாரி என்று கத்தினேன். கட்டிய மனைவியிடம் அப்படிக் கத்தியதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. தினமும் காலையில் அவள்தான் இடுப்புப் பெல்ட்டை இழுத்துக் கட்டுகிறாள், பனியனுக்கும் உள்ளே, வெளியில் தெரியாதபடி. “இன்னுங் கொஞ்சம் இழு” என்பேன். “இதுக்கு மேல இழுத்தா மூச்சு நின்னு போயிரும்” என்பாள். தும்மலுக்குத்தான் நான் அதிகமாகப் பயப்படுகிறேன். இரும்புத் தூசி மூக்கில் ஏறும்போது மேசையைப் பிடித்துக்கொண்டு, மூக்கை அழுத்தி, வந்த தும்மலைத் திரும்ப உள்ளே அனுப்ப நான் படுகிற பாடு கடவுளுக்குத்தான் தெரியும். அனுப்ப முடியாத நாளில் கண்ணில் பூச்சி பறக்கும். கம்பெனியில் யாரும் கவனித்ததில்லை. எட்டு மாதமாக ஒரு குருவிக்குக்கூடத் தெரியாமல் மறைத்திருக்கிறேன், அந்தச் சாமர்த்தியத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஸ்கேன் பார்த்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே ஓர் இடத்தைப் பேனாவால் தட்டி, ஜவ்வு பிதுங்கி நரம்பை நசுக்குகிறது, இனிமேல் கனம் தூக்கவே கூடாது என்றார். என்ன வேலை என்று கேட்டார். லேத் ஓட்டுகிறேன் என்றேன். டாக்டரிடம்கூடப் பொய். ஆஸ்பத்திரியில் சொன்னால் எப்படியாவது கம்பெனிக்குத் தெரிந்துவிடும் என்று பயம். எப்படித் தெரியும் என்று யோசித்தால் ஒரு வழியும் இல்லை, ஆனாலும் பயம்.

கனம் தூக்கக் கூடாதாம். சொல்வது சுலபம். ஒரு ஷிஃப்டுக்கு நூற்று நாற்பது உருப்படி. கடுகளவு இரும்புக் குண்டுகளை வீசி அடித்துச் சுத்தம் செய்த வார்ப்புகள் தொட்டியில் வந்து தரையோடு தரையாகக் கிடக்கும். கணுக்கால் உயரத்தில் கிடப்பதை இடுப்பு உயரத்து மேசைக்குக் கொண்டுவர வேண்டும், தேய்க்க வேண்டும், திருப்ப வேண்டும், மறுபடி தேய்க்க வேண்டும், மறுபடி கீழே இறக்க வேண்டும். சின்ன உருப்படி என்றால் ஒரே ஆள். பெரிய பம்ப் பாடி எழுபத்தாறு கிலோ, அதற்கு ஜோடி வேண்டும். என் ஜோடி கிட்டுசாமி. ஒரே நாளில் சேர்ந்தோம், டோக்கனில் அவன் நூற்றுப் பதினான்கு, நான் நூற்றுப் பதினைந்து. மற்ற ஜோடிகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித் தூக்குவார்கள். எங்களுக்கு எண்ணிக்கை கிடையாது. கிட்டுசாமி மூக்கால் ‘ம்’ என்று ஒரு மூச்சு விடுவான், அந்த மூச்சு முடிகிற இடத்தில் உருப்படி தரையை விட்டிருக்கும். பம்ப் பாடியின் ஒரு முனையில் ஃபிளாஞ்ச் என்று தடித்த தட்டு ஒன்று உண்டு, கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு அந்தப் பக்கம். ஜோடியில் பலசாலி யாரோ அவன்தான் ஃபிளாஞ்ச் பக்கம் நிற்பான். இது யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் எங்கள் செக்‌ஷனில் கோயில் முதல் மரியாதையைவிட இதற்குச் சண்டை அதிகம். புது ஜோடி சேர்ந்தால் முதல் வாரம் முழுக்க இதே முறைப்புத்தான். எனக்கும் கிட்டுசாமிக்கும் அந்தச் சண்டையே வந்ததில்லை. முதல் நாளே நான் போய் நின்றேன், அவன் மறுபக்கம் போனான். அவ்வளவுதான். சம்பளம் ஒன்றுதான், அதிகமாகத் தூக்குகிறவனுக்கு அதிகமாக ஒன்றும் கிடைக்காது. ஆனால் மத்தியானம் சாப்பிடும்போது ஒரு தெனாவட்டு இருக்கும். அந்தத் தெனாவட்டில் பத்தொன்பது வருடம் ஓடிப்போய்விட்டது.

பத்து பதினான்கு. பக்கத்து மேசையில் யாரோ கொட்டாவி விடுகிறார்கள். சமையல் பக்கத்திலிருந்து வெங்காயம் வதங்குகிற வாசனை வருகிறது. தாளில் முதுகைக் காட்டி நிற்கிறவனைப் பார்க்கிறேன். அவன் இடுப்பு எவ்வளவு நேராக இருக்கிறது. அவனுக்கென்ன, அவன் காலடியில் தொட்டி இல்லை. தொட்டி மட்டும் ஓர் அடி உயரத்தில் இருந்திருந்தால். இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் கிட்டுசாமியும் சரக்கு அடுக்குகிற மரப்பேலட்டில் உடைந்தது நாலை ஒன்றின்மேல் ஒன்று போட்டு ஆணி அடித்து ஒரு மேடை செய்தோம். தொட்டியை அதன்மேல் வைத்தால் முட்டி உயரத்துக்கு வந்துவிடும், பாதிக் குனிவு மிச்சம். பதினோரு நாள் அதில் வேலை செய்தோம். பதினோரு நாளும் சாயங்காலம் பஸ்ஸில் உட்காரும்போது இடுப்பு இருக்கிற நினைப்பே வரவில்லை. பன்னிரண்டாம் நாள் தொழிற்சாலையைச் சுத்தமாக வைக்கும் திட்டம் என்று ஆடிட் வந்தது. டை கட்டிய ஒருவர் மேடையைச் சுற்றி வந்து பார்த்து, தேவையில்லாத பொருள் என்று சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார். சிவப்பு அட்டை கட்டினால் இரண்டு நாளில் பழைய சாமான் குவியலுக்குப் போய்விடும். சிவராஜிடம் கேட்டேன். “ஏனுங்ண்ணா, மஞ்சக் கோட்டுக்கு வெளிய நீட்டிட்டு நிக்குது, ஃபோர்க்லிஃப்ட் திரும்ப வேண்டாமா?” என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான், நாலு விரற்கடை நீட்டிக்கொண்டுதான் இருந்தது. கோட்டை நாலு விரற்கடை தள்ளி வரைந்திருக்கலாம். பெயிண்ட் ஒரு டப்பா. அன்றைக்கு அதை நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. கேட்டிருந்தால் என் இடுப்பு முழுசாக இருந்திருக்குமா, அதுவும் தெரியவில்லை.

கேட்க வேண்டியதைக் கேட்காமல், காட்டக் கூடாததைக் காட்டித்தான் கெட்டோம். வெளிநாட்டில் பம்ப் வாங்குகிற கம்பெனி இங்கே தொழிலாளர் எப்படித் தூக்குகிறார்கள் என்று பார்த்து அறிக்கை கேட்டதாம். அதற்காகச் சென்னையிலிருந்து தேன்மொழி மேடம் வந்தார், முப்பது வயது இருக்கும், தோளில் கேமரா. ஏப்ரலில் மூன்று நாள் எங்கள் செக்‌ஷனில் நின்றார். “எப்பவும் செய்யற மாதிரியே செய்யுங்கண்ணா, நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்கங்க” என்று படித்துப் படித்துச் சொன்னார். நாங்கள் கேட்டோமா. கேமரா வருகிறது, செக்‌ஷன் மானம் போய்விடக் கூடாது என்று முப்பத்தொரு பேரும் ஷேவ் செய்து, துவைத்த யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வருகிறமாதிரி வந்தோம். எழுபத்தாறு கிலோ உருப்படிகளை ஃபோர்க்லிஃப்ட்காரனிடம் சொல்லித் தூணுக்குப் பின்னால் தள்ளி வைத்தோம், குவியல் அசிங்கமாகத் தெரியும் என்று. எப்போதோ வகுப்பில் சொல்லிக்கொடுத்த மாதிரி முட்டியை மடக்கி, முதுகை நேராக வைத்து, உருப்படியை மார்போடு அணைத்துத் தூக்கினோம். அப்படித் தூக்கினால் ஒரு ஷிஃப்டில் அறுபதுகூட முடியாது. மூன்று நாள் முடியாவிட்டால் என்ன, மேடம் போனபின் ஈடுகட்டிக்கொள்ளலாம். எல்லாரையும்விட நான் ஒரு படி மேலே போனேன். முப்பத்தெட்டுக் கிலோ உருப்படியைத் தனியாளாகத் தூக்கி, ஒரு நொடி நிறுத்தி, கேமராவைப் பார்த்துச் சிரித்தேன். கால் மரத்துத்தான் இருந்தது அப்போதும். அந்தச் சிரிப்பைப் படம் எடுத்துப் பெரிதாக்கி, ‘சரியாகத் தூக்கும் முறை’ என்று பச்சை டிக் போட்டு எங்கள் செக்‌ஷன் சுவரிலேயே ஒட்டிவிட்டார்கள். பாதுகாப்புக் கூட்டத்தில் சாப்பாட்டு ஹாட் பேக் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். நர்ஸிங் படிக்கிற என் மகள் அந்தப் படத்தை ஃபோனில் தோழிகளுக்கெல்லாம் அனுப்பினாள். கேமரா போன நாலாம் நாள் காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு மூன்று நாள் குப்புறப் படுத்துக் கிடந்தேன்.

போன வாரம் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் மேடம் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார். “அண்ணா, வீடியோல நீங்க தூக்கறதும், நேத்து சொல்லாம வந்து நான் பார்த்ததும் வேற வேறயா இருக்கு. அளந்த கணக்குப்படி உங்க செக்‌ஷன் பச்சை, அதாவது ஆபத்து இல்லை. இந்த வருஷம் ஒரே ஒரு ஹாய்ஸ்ட்தான் வாங்கறாங்க, அது இப்போ கோர் ஷாப்புக்குப் போகுது. அடுத்த வாரம் ஒரு தாள் தருவேன், வலி இருக்குன்னு அதுல நீங்களே குறி போட்டாத்தான் நான் அதை உங்க பக்கம் திருப்பி எழுத முடியும்” என்றார். கோர் ஷாப் வார்ப்புக்கு மணல் அச்சு செய்கிற செக்‌ஷன். ஹாய்ஸ்ட் என்றால் மேலே உத்தரத்தில் ஓடுகிற சங்கிலி, கீழே கொக்கி, கையில் ஒரு பொத்தான். பொத்தானை அழுத்தினால் எழுபத்தாறு கிலோ தானே எழுந்து வரும். நான் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தேன். பாட்டில் காலியான பிறகு, “நாங்க நல்லாத்தான் இருக்கறோமுங்க மேடம்” என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. நல்ல பெண், உண்மையிலேயே அக்கறையாகத்தான் கேட்டார். ஆனால் அவர் அறிக்கை எழுதி முடித்துச் சென்னைக்குப் போய்விடுவார். நாச்சிமுத்து கதை அவருக்குத் தெரியுமா. நாச்சிமுத்து எங்களோடு எட்டு வருடம் இருந்தவன். இரண்டு வருடத்துக்கு முன்னால் கம்பெனி மெடிக்கல் நடந்தபோது, வந்திருந்த டாக்டர் தோளில் கை போட்டு, மனம்விட்டுச் சொல்லுப்பா என்று கேட்கவும், இவன் மனம்விட்டுச் சொல்லிவிட்டான், இடுப்பு வலிக்கிறது என்று. மறுநாளே லைட் வேலை கொடுத்தார்கள். ஸ்டோர்ஸில் உட்கார்ந்து கையுறையை ஜோடி சேர்க்கிற வேலை. எங்களுக்கெல்லாம் பொறாமையாக இருந்தது. ஒரு மாதம். அப்புறம் லைட் வேலை இப்போது இல்லை, உடம்பு சரியானதும் கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். இன்னும் கூப்பிடவில்லை. கல்யாண மண்டபத்து வாசலில் விசில் ஊதி வண்டி நிறுத்துகிறான் இப்போது. போன ஆவணியில் ஒரு முகூர்த்தத்துக்குப் போனபோது பார்த்தேன். “மாரப்பா, வலின்னு வாய்ல வந்ததுதான் தப்பு. பல்லக் கடிச்சுட்டு இருந்திருக்கோணும்” என்றான். சாப்பிட்டாயா என்று கேட்டான். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே வந்துவிட்டேன்.

பத்து இருபது. பென்சிலை உருட்டுகிறேன். பெருக்கல் குறி போடுவதென்றால் எத்தனை போடுவது. இடுப்பில் ஒன்று, பிட்டத்தில் ஒன்று, தொடையில், கெண்டைக்காலில். பாதத்தில் வலி இல்லை, உணர்ச்சியும் இல்லை. இல்லாததற்கு என்ன குறி போடுவது என்று தாளில் சொல்லவில்லை. எதற்கு இந்த யோசனை, வெறுந்தாள் என்று முடிவாகிவிட்டது, நான்தான் சொன்னேன். முப்பது பேர் என் வார்த்தையை நம்பி வெறுந்தாளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் மட்டும் போட்டால் துரோகம். போடாவிட்டால் ஹாய்ஸ்ட் கோர் ஷாப்புக்கு. ஹாய்ஸ்ட் வராவிட்டால் இன்னும் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பேன். மகள் படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருடம். ஒன்றரை வருடம் முடியுமா. இன்றைக்குக் காலையில் முடிந்ததே, அறுபது உருப்படி ஆகிவிட்டதே, அவ்வளவு ஒன்றும் தெரியவில்லையே. போன வாரமும் அவ்வளவு தெரியவில்லை. கொஞ்சம் குறைகிறதோ என்னவோ. இன்றைக்குக் காலையில் நான் எந்தப் பக்கம் நின்றேன். தொட்டிக்கு வலது பக்கம், தூணை ஒட்டி. தூணை ஒட்டி நின்றால் அது லேசான பக்கம். சரி, இன்றைக்கு அப்படி அமைந்திருக்கும். நேற்று. நேற்றும் தூண். கிட்டுசாமி எனக்கு முன்னால் போய்க் கனமான பக்கம் நின்றுவிட்டான், நான் கையுறை மாட்டி வருவதற்குள். முந்தாநாளும் கையுறை மாட்டி வருவதற்குள். ஷிஃப்ட் ஆரம்பத்தில் எப்போதும் சோம்பிக்கொண்டு வருகிறவன், எத்தனை நாளாக எனக்கு முன்னால் போய் நிற்கிறான். தீபாவளிக்கு முன்னால் இருந்தே. நான் ஃபிளாஞ்சைக் கடைசியாக எப்போது தொட்டேன். ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வராதது எப்படி, நான்தானே ஃபிளாஞ்ச் பக்கம், பத்தொன்பது வருடமாக நான்தானே. கிட்டுசாமி இப்போதெல்லாம் டீயை இடது கையால் குடிக்கிறான். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்ச் சீவ முடியவில்லை என்று போன மாதம் கலைந்த தலையோடு வந்தான், ‘என்றா, வீட்ல சீப்பு இல்லியா’ என்று நான்தான் முதலில் கேலி செய்தேன். அவனும் சேர்ந்து சிரித்தான்.

அவனைப் பார்க்கிறேன். எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறான், நடுவில் ஒரு தண்ணீர் ஜக். அவன் என்னைப் பார்க்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, இடது கையால், நிதானமாக, தாளில் எதையோ போட்டுக்கொண்டிருக்கிறான். ஜக்கைக் கொஞ்சம் நகர்த்துகிறேன். முதுகைக் காட்டி நிற்கிற ஆளின் இடுப்பில் ஒரு பெருக்கல் குறி. இடது பிட்டத்தில் ஒன்று. இடது தொடையில் ஒன்று. இப்போது கெண்டைக்காலில். வலது தோள் வெறுமையாக இருக்கிறது. முட்டாளே, உனக்குத் தோள், தோளில் போடு, என்று சொல்ல வாயெடுக்கிறேன், அதற்குள் எனக்கு விளங்கிவிடுகிறது. மேசைக்கடியில் அவன் காலை உதைக்கிறேன். எந்தக் காலால் உதைத்தேன், இடது காலாலா, பட்டதா படவில்லையா தெரியவில்லை. அவன் நிமிரவில்லை. எனக்கு ஆத்திரம் வருகிறது. மேடம் சொன்ன ஹாய்ஸ்ட் விஷயத்தை இவனிடம் சொன்னதே தப்பு. யார் கேட்டது இவனை. வேண்டாம் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேனே. எட்டு மாதமாக என் முதுகுக்குப் பின்னால் எனக்கே பாவம் பார்த்திருக்கிறானே. என்னை நொண்டி என்று நினைத்துவிட்டானே. அழுகையும் வருகிறது, இந்தக் கேன்டீனில், முப்பது பேர் நடுவில், அழுதால் அதைவிட மானக்கேடு இல்லை.

பத்தரை. மேடம் முதல் மேசையிலிருந்து தாளை வாங்க ஆரம்பிக்கிறார். வெறுந்தாள். வெறுந்தாள். ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்க்கிறார், பின்பக்கத்திலாவது ஏதாவது இருக்காதா என்று. எங்கள் மேசைக்கு வரும்போது அவர் கண்ணில் களைப்பு. கிட்டுசாமியின் தாளை வாங்குகிறார், நிற்கிறார், முகம் மலர்கிறது. நல்லது செய்கிறோம் என்றுதான் சத்தமாகக் கேட்கிறார். “ரொம்ப நன்றிண்ணா. இடுப்புல இருந்து இடது கால் வரைக்குமா? எத்தனை நாளா?” கிட்டுசாமி சொல்கிறான், “எட்டு மாசமுங்க.” கம்பெனியில் நான் யாரிடமும் சொன்னதில்லை, எட்டு மாதம் என்று. “உட்கார்ந்து எழுந்திருக்கறப்ப வலிக்குதா? கொஞ்சம் எழுந்திருங்கண்ணா, பார்க்கலாம்.” கிட்டுசாமி எழுந்திருக்கிறான். முதலில் இடது கையைத் தொடைமேல் ஊன்றுகிறான். யாரும் பார்க்காதபடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறான். மூச்சைப் பிடிக்கிறான். உடம்பு முழுவதையும் வலது காலுக்குத் தள்ளி, அரைத் திருப்பு திரும்பி, மேலே வருகிறான். வந்ததும் நடக்காமல், தோளில் கிடக்கிற துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொள்கிறான், இடது பாதம் தரையைத் தேடிப் பிடிக்கிறவரை. அந்தத் துண்டு. துண்டை உதறினால் ஒருவனுக்கும் தெரியாது என்று நான் கண்டுபிடித்த வித்தை அது. ஒரு நாளைக்கு இருபது தடவை செய்கிறேன். நான் எழுந்திருப்பதை முதல் தடவையாகப் பார்க்கிறேன். இவ்வளவு கிழவனாகவா இருக்கிறேன். பின்னால் யாரோ, “நடிப்பப் பாரு நடிப்ப” என்று சொல்ல, நாலு பேர் சிரிக்கிறார்கள். சிவராஜ் வாசலிலிருந்து வருகிறார், சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுக்கிறார். “நூத்திப் பதினாலு. ஏனுங்ண்ணா, முன்னாலயே சொல்லியிருக்கலாமுல்ல? நாளையிலிருந்து ஸ்டோர்ஸ்ல உக்காந்துக்குங்க. லைட் வேலைதான்.” ரொம்பப் பணிவாகத்தான் சொல்கிறார். கிட்டுசாமி தலையாட்டுகிறான்.

மேடம் என் தாளை எடுக்கிறார். இரண்டு பக்கமும் பார்க்கிறார். “உங்களுக்கு ஒண்ணுமே இல்லையாண்ணா?” ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டும், சொல்லிப் பழகியிருக்கிறேன், சரியாகத்தான் வரும். நாளைக்குத் தொட்டிக்கு எதிர்ப்பக்கம் யாராவது நிற்பார்கள், நூற்று இருபதோ, நூற்று இருபத்திரண்டோ. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். இவன் ஸ்டோர்ஸில் கையுறை ஜோடி சேர்ப்பான், தூக்க முடியாத அந்த வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு மாதம். அப்புறம் இவனும் விசில் ஊதுவான். நான் ஏதாவது ஒரு முகூர்த்தத்துக்குப் போவேன், சாப்பிட்டாயா என்று கேட்பான். தொண்டையில் இருந்து சத்தம் வருகிறது, என் சத்தம்தானா அது. “அது அவனோட வலி இல்லீங்க மேடம். என்னோடது.” மேடத்துக்குப் புரியவில்லை, என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்க்கிறார். சிவராஜுக்குப் புரிந்துவிட்டது. “அண்ணா, நீங்க சித்த எந்திரிங்க” என்கிறார். இடது கையைத் தொடைமேல் ஊன்றுகிறேன். மூச்சைப் பிடிக்கிறேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பக் கூடாது என்று நினைக்கிறேன், அது தானாகத் திரும்பிக்கொள்கிறது. வலது காலுக்குப் போய், அரைத் திருப்பு திரும்பி, மேலே வந்து, தோளில் துண்டைத் தேடுகிறேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சிவராஜ் நோட்டில் இரண்டாவது நம்பரை எழுதுகிறார். மேசைக்கு அந்தப் பக்கம் கிட்டுசாமி என்னைப் பார்க்கிறான், பத்தொன்பது வருடத்தில் அவன் என்னை இப்படி வெறுத்துப் பார்த்ததில்லை.

“ஒருத்தன் போனாப் பத்தாதாடா?” என்கிறான்.